சிறுநீரகக் கல்: என்ன கல்லுன்னு பார்த்தீங்களா?

ஜெலுத்தோங், பினாங்கு:
என் வீட்டுக்காரருக்கு விலாவுல இருந்து அடிவயிறு வரைக்கும் இறங்குற வலி. எக்ஸ்ரேயில ஒண்ணுமே தெரியல, சிடி ஸ்கேன்ல கல் தெரிஞ்சுது. அப்படி இருந்தா யூரிக் அமிலக் கல்லா இருக்க வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொன்னார். சிறுநீர்ல பிஎச் (புளிப்பைக் காட்டுற அளவு, குறையக் குறைய புளிப்பு அதிகம்) 5 தான். சர்க்கரையும் கவுட்டும் (யூரிக் அமிலத்தால வர்ற மூட்டு வீக்கம்) உள்ளவங்களுக்கு இந்தக் கல் அதிகமாம், அவருக்கு ரெண்டுமே உண்டு. இது மருந்துல கரையக்கூடிய கல்லுன்னு கேட்டதும்தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு. ரத்தத்துல பொட்டாசியமும் கிட்னி வேலையும் பார்த்துட்டு, சிறுநீரோட புளிப்பைக் குறைக்குற பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்தாங்க. பிஎச் 6.5க்கும் 7க்கும் நடுவுல நிக்கணும், அதுக்கு மேல போனா கால்சியம் பாஸ்பேட் படிய ஆரம்பிக்கும். அதனால வீட்டுலேயே சோதனைத் தாளை நனைச்சு நிறம் பார்த்து எழுதி வைப்பேன்.

சிறுநீரை வடிகட்டிப் பார்க்க தேத்தண்ணி வடிகட்டி ஒண்ணைத் தனியா ஒதுக்கி வச்சோம். ஒரு நாள் செம்மஞ்சள் நிறத்துல ஒரு துணுக்கு அதுல தங்குச்சு. கழுவிக் காய வச்சு, தண்ணியோ மருந்தோ ஊத்தாம வெறும் டப்பாவுல கொடுத்தோம். அகச்சிவப்புக் கதிர் வச்சுப் பார்க்குற பரிசோதனை. முழுக்க யூரிக் அமிலம்னு வந்துச்சு. ஸ்கேன் பார்த்துச் சொல்றது கணிப்புதான். கல்லைச் சோதிச்சாத்தான் உறுதியாத் தெரியும்.

செந்தூல், கேஎல்:
அக்கா, எனக்கு வந்தது கால்சியம் ஆக்சலேட், பெரும்பாலானவங்களுக்கு வர்ற கல். இது மருந்துல கரையாது. அதிர்வலை வச்சு உடைக்கலாமான்னு கேட்டேன். சிடியில அடர்த்தி 1000 யூனிட்டுக்கு மேல காட்டுனதால சரியா உடையாதுன்னு லேசர் செஞ்சாங்க. எடுத்த தூளைச் சோதிச்சதுல மோனோஹைட்ரேட் வகைன்னு வந்துச்சு, அது கெட்டியான ரகம்.

சொந்தக்காரங்க எல்லாரும் "கால்சியம் கல்லுதானே, பாலை விட்டுடு"ன்னாங்க. டயட்டீஷியன் கண்டிப்பா விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சாப்பாட்டோட போற கால்சியம், கீரை மாதிரி சாப்பாட்டுல இருக்குற ஆக்சலேட்டைக் குடல்லயே பிடிச்சு வச்சுக்குமாம். குறைக்கச் சொன்னது உப்பு, பாயாம் கீரை, பாதாம், அப்புறம் சளிக்குன்னு நான் போட்டுக்கிட்டிருந்த பெரிய டோஸ் வைட்டமின் சி மாத்திரை. சிறுநீர் ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் போற அளவுக்குத் தண்ணி குடிக்கணும். நம்ம ஊர் வெயில்ல வேர்வையிலயே பாதி போயிடுது, அதுக்கும் சேர்த்துக் குடிக்க வேண்டியிருக்கு.

பட்டர்வொர்த், பினாங்கு:
எங்க அம்மாவுக்கு அடிக்கடி மூத்திரத்துல கிருமி. மாத்திரை சாப்பிட்டா அடங்கும், திரும்ப வரும். ஸ்கேன் பார்த்தா சிறுநீரகம் முழுக்க மான்கொம்பு மாதிரி கிளை விட்ட கல். ஸ்ட்ருவைட், அந்தக் கிருமியே உண்டாக்குற கல். முதுகுல சின்னத் துளை போட்டு எடுத்தாங்க. கிருமி கல்லுக்குள்ளேயே இருக்குறதால ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி வளரும்னு, எல்லாம் போயிடுச்சான்னு பார்க்க திரும்பவும் ஸ்கேன் எடுத்தாங்க. சாப்பாட்டுல கட்டுப்பாடு வச்சு இதை நிறுத்த முடியாது, கிருமியை ஒழிக்கணும்.

சின்ன வயசுலேயே வர்ற சிஸ்டின் கல் பத்தி யாரும் எழுதல. என் அக்கா மகனுக்கு அதுவா இருக்குமோன்னு இப்போ சோதனைக்கு அனுப்பியிருக்கோம். பிள்ளைக்கு அந்தக் கல் வந்தவங்க யாராவது இருந்தா எழுதுங்களேன்.