புதுப்பிப்பு: உயரமான வாசல் கூடத்துக்குத் தொங்குவிளக்கு

புதுச்சேரியில் 8க்கு 10 அடி வாசல் கூடம், உயரம் 16 அடி. என்ன அளவு விளக்கு என்று கேட்டிருந்தார்கள். நீளம், அகலம் அடிக்கணக்கில் கூட்டினால் 18, அதே எண்ணை அங்குலமாக எடுத்தால் விளக்கின் விட்டம் 18 அங்குலம் என்று முந்தைய பதிவில் சொன்னேன்.

இப்போது விளக்கின் உயரம், அதாவது விளக்கு மேலிருந்து அடிவரை எவ்வளவு நீளம் என்பது. கூரை உயரத்தில் அடிக்கு இரண்டரை முதல் 3 அங்குலம்: 16 அடிக்கு 40 முதல் 48 அங்குலம். இந்தக் கூடத்துக்கு 40 போதும் என்பேன். அடிப்பாகம் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது.

கொக்கிதான் முக்கியம். உப்புக்காற்றில் சாதா இரும்புக் கொக்கி அதை மறைக்கக் கூரையோடு ஒட்டியிருக்கும் மூடிக் கிண்ணத்துக்குள்ளேயே துருப்பிடித்து மரை தின்றுபோகும். கீழிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உப்பைத் தாங்கும் ரகமான 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிய பழைய பாணி) கூரையென்றால் செங்கல்லில் துளைக்காமல் உறுதியான தேக்கு உத்தரத்தில் மாட்டுங்கள். எடை சங்கிலியில் நிற்கட்டும், ஒயர் தளர்வாகவே இருக்கணும்.