ஒரே ஒரு ஸ்வரத்தில் மட்டும் 'ர்ர்ர்': கோளாறு போனிலா, வயலினிலா?

ஜி கம்பி (கேட்டவர்):
வணக்கம். ஐந்து வருடமாக வீட்டிலேயே வயலின் வாசித்துப் பழகுகிறேன். வாரம் ஒரு சின்ன மெட்டைப் போனில் பதிந்து நண்பர்களுக்கு அனுப்புவேன், அவர்களும் அனுப்புவார்கள். கடைசி மூன்று பதிவிலும் ஒரு இரைச்சல். ஜி கம்பியில் (நான்கில் தடிமனானது) மூன்றாம் விரல் வைக்கும்போது மட்டும், டம்ளருக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி 'ர்ர்ர்' என்கிறது. நான்கு கம்பியையும் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. வாசிக்கும்போது என் காதுக்குச் சரியாகத் தெரிவதில்லை, பதிவில்தான் அப்பட்டமாக இருக்கிறது. அதனால் போன் மைக் மேல் சந்தேகம். நல்ல மைக் ஒன்று வாங்கிவிடலாமா?

ரோசின் பொடி:
மைக் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சத்தம் அதிகமாகி மைக் தாங்காமல் கரகரத்தால், அழுத்தி வாசிக்கிற எல்லா இடத்திலும் கரகரக்கும். ஒரு விரலை மட்டும் தேடிப் பிடிக்காது. ஆனாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். போனை ஒன்றரை மீட்டர் தள்ளி, வயலினை விடச் சற்று உயரத்தில் வையுங்கள். அந்த ஸ்வரத்தை மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை இழுங்கள். பிறகு வேறு அறைக்குப் போய் அதையே திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஒருமுறை இதே தொல்லை வந்து, கடைசியில் பார்த்தால் அலமாரிக் கண்ணாடிதான் கூடவே பாடிக்கொண்டிருந்தது!

இன்னொன்று, போனில் 'இரைச்சல் குறைப்பு' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பேச்சுக்காகச் செய்தது. நீட்டி இழுக்கும் ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும்.

ஜி கம்பி:
செய்தேன். மூன்று அறையிலும் அதே 'ர்ர்ர்'. மெதுவாக வாசித்தாலும் இருக்கிறது. அப்போ வயலின்தான், சரியா?

மரத்தூள்:
வயலின்தான். நான் பழுது பார்ப்பவன் அல்ல, சொந்த வயலினைப் பலமுறை கெடுத்துக் கற்றுக்கொண்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் ஸ்வரம் சுமார் 262 ஹெர்ட்ஸ். வயலின் பெட்டிக்குள் இருக்கும் காற்று பலமாக அதிர்வதும் ஏறக்குறைய அந்தப் பக்கத்தில்தான், 270–280 வாக்கில். பெட்டி மொத்தமும் குலுங்கும் இடம் என்பதால், எங்கே எது தளர்ந்திருந்தாலும் அங்கேதான் வாய் திறக்கும்.

கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த ஸ்வரத்தை விடாமல் இழுக்க, அவர் ஒவ்வொரு பாகமாக விரலால் லேசாகத் தொட வேண்டும்: ஃபைன் ட்யூனர் (சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் குட்டித் திருகு), சின் ரெஸ்ட் (தாடை வைக்கும் தாங்கி), டெயில்பீஸ் (கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் பட்டை), தலைப்பக்கம் முறுக்காணிகள் இருக்கும் பெக் பெட்டியில் தொங்கும் கம்பி நுனி. எதைத் தொட்டதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். சின் ரெஸ்ட் டெயில்பீஸில் இடிக்கிறதா என்றும் பாருங்கள், நடுவே ஒரு காகிதம் தாராளமாக நுழைய வேண்டும்.

எதுவும் சிக்கவில்லை என்றால், கம்பிகளை உள்ளங்கையால் அணைத்துக்கொண்டு விரல் முட்டியால் விளிம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டியிருக்கும் இடம் 'டொக்' என்று கெட்டியாகக் கேட்கும், விட்டுப்போன இடம் 'சளக்' என்று ஓட்டையாகக் கேட்கும்.

ஆமாம், நான்கு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினீர்களா?

ஜி கம்பி:
கழற்றினேன்... ஏன்?

மரத்தூள்:
அதைச் செய்யாதீர்கள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் ஒரு காலுக்குப் பக்கத்தில், பெட்டிக்குள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சியை எந்தப் பசையும் பிடித்திருக்கவில்லை. மேல்பலகையும் கீழ்ப்பலகையும் நெருக்குவதால்தான் நிற்கிறது. கம்பி மொத்தமும் தளர்ந்தால் சாய்ந்துவிடலாம். ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். மேல்பலகையில் இருக்கும் எஃப் வடிவத் துளை வழியே டார்ச் அடித்து அது நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

ஜி கம்பி:
நிற்கிறது, உயிர் வந்தது. ஈ கம்பியின் ஃபைன் ட்யூனர் திருகு தளர்ந்திருந்தது, இறுக்கியதும் பாதி குறைந்தது. மீதி எங்கே என்று தட்டிப் பார்த்தேன். சின் ரெஸ்ட் மாட்டியிருக்கும் இடத்தில் 'சளக்'. அதைக் கழற்றினால் அடியில் மேல்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் நடுவே மயிரிழைக் கோடு, இரண்டு விரல் அகலத்துக்கு. மெல்லிய காகிதம் உள்ளே போகிறது. வீட்டில் சூப்பர் க்ளூ இருக்கிறது, ஒரு சொட்டு விடலாமா?

மரத்தூள்:
வேண்டவே வேண்டாம்! அந்தக் குப்பியை வேறு அறையில் வையுங்கள்.

வயலின் மூட்டுகளை ஒட்டுவது விலங்குத் தோலில் காய்ச்சும் பசை. வேண்டுமென்றேதான் அதை மரத்தைவிட பலவீனமாக, நீர்த்துப் பூசுகிறார்கள். வறண்ட நாளில் மரம் சுருங்கினால் பசை விட்டுக்கொடுக்கும், பலகை பிளக்காது. வியர்வை இறங்கும் இடத்தில் அது சீக்கிரம் விடுவதும் வழக்கம்தான். உங்களுடையது விபத்து இல்லை, வயலின் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. அந்தப் பசையை வெதுவெதுப்பான நீரில் இளக்கித் திரும்பப் பிரிக்கலாம். சூப்பர் க்ளூ ஊறி வார்னிஷைத் தின்னும், பிறகு திறக்க வேண்டி வந்தால் மரத்தோடு பிய்ந்து வரும். மரவேலை வெள்ளைப் பசையும் வேண்டாம், அதன் எச்சத்தின் மேல் தோல் பசை ஒட்டாது.

பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சின்ன வேலைதான்: அழுக்கைத் துடைத்து, சூடான பசையை மெல்லிய கத்தியால் உள்ளே செலுத்தி, கவ்வி போட்டு இரவு முழுக்க விடுவார். அதுவரை வாசிக்காமல் இருப்பது நல்லது, கோடு நீளும்.

ஜி கம்பி:
எட்டு நாள் கழித்து வந்திருக்கிறேன். பழுது பார்ப்பவர் நீங்கள் சொன்ன வேலையைத்தான் செய்து கொடுத்தார். பதிவை இணைத்திருக்கிறேன். வண்டு பறந்துவிட்டது. இரண்டாவது வரியில் சுருதி இறங்குகிறதே, அது வயலின் பழுது அல்ல, என் விரல்.

ரோசின் பொடி:
கேட்டேன், சுத்தமாக இருக்கிறது. ஒலியின் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலுக்குக் கீழேயே நிற்கிறது (பூஜ்யத்தைத் தொட்டால்தான் கரகரக்கும்), அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தூள்:
சின் ரெஸ்ட்டைப் பூட்டும்போது அதன் கவ்வியில் ஒட்டியிருக்கும் கார்க் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், கவ்வியின் இரும்பு மரத்தில் படக்கூடாது. அசையாமல் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். புதிய கார்க் என்றால் நாலைந்து நாளில் அமுங்கித் தளரும், அப்போது ஒரு கால் சுற்று கொடுங்கள்.