ஜிப்ஸிக்கு ஆட்டோமேட்டிக் லாக்கர்: முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? உதவி தேவை

கேள்வி – எஸ்டேட் ரோடு

வண்டி மாருதி ஜிப்ஸி கிங், 1.3 பெட்ரோல். டயர் 215/75 ஆர்15. பவர் ஸ்டீயரிங் இல்லை. வாரம் இரண்டு தடவை ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற வேண்டும், 40 கொண்டை ஊசி வளைவு. அதற்கு மேல் எஸ்டேட் மண் பாதை 6 கி.மீ. மழைக்காலத்தில் டிராக்டர் தடத்துக் குழியில் இறங்கினால் ஒரு பின்சக்கரமும் அதற்குக் குறுக்கே உள்ள முன்சக்கரமும் தூக்கிக்கொண்டு சும்மா சுற்றுகின்றன. 4 லோ (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) போட்டாலும் அசைவதில்லை. லாக்கர் (ஒரே ஆக்ஸிலின் இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பாகம்) ஒன்றுதான் வாங்க முடியும். லஞ்ச்பாக்ஸ் வகை போதுமா? பின்னால்தானே போட வேண்டும்?

பதில் – கிரௌன் பினியன்

4 லோ போட்டால் இழுவை கூடும், ஆனால் சாதா டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலின் நடுவில் இழுவையை இரு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் கியர் அமைப்பு, சுருக்கமாக டிஃப்) இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு இழுவையைத்தான் தரும். அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்குத் தேவை ஏறக்குறைய பூஜ்யம். எனவே தரையில் நிற்பதற்கும் அவ்வளவுதான் கிடைக்கும்.

லஞ்ச்பாக்ஸ் லாக்கர் என்பது கேரியருக்குள் (டிஃபரன்ஷியல் கியர்களைத் தாங்கும் கூடு) இருக்கும் ஸ்பைடர் கியர், சைடு கியர் இடத்தில் உட்காரும் செட். ஆக்ஸிலோடு சேரும் கப்ளர் இரண்டு, நடுவில் பல் வைத்த கேம் இரண்டு, பின்னும் ஸ்பிரிங்கும். ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் குறுக்குத் தண்டு கேமின் சரிவில் ஏறி, கேமை வெளிப்பக்கம் தள்ளிப் பற்களைக் கோக்கும். இரு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் வேகமாக ஓடும்போது அந்தப் பக்கப் பல் மட்டும் விலகி, 'டிக் டிக்' என்று தாண்டிப் போகும்.

டெட்ராய்ட் லாக்கர் முழுக் கேரியரோடு வருவது. பலம் அதிகம்தான், ஆனால் 1.3 எஞ்சினுக்கும் இந்த டயருக்கும் அவ்வளவு தேவையில்லை. ஈட்டனின் மெக்கானிக்கல் லாக்கர் (மஹிந்திரா தாரில் வருவது) வேறு ரகம். இரு சக்கர வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று ஆனபிறகுதான் கோக்கும். கிளட்ச் வகை எல்.எஸ்.டி. (சக்கரம் சும்மா சுற்றுவதை ஓரளவு கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) உங்கள் குழியில் உதவாது, சக்கரம் முழுக்கத் தூக்கினால் அது தளர்ந்துவிடும்.

லஞ்ச்பாக்ஸ் போதும். பின்னால் போடுங்கள். ஏற்றத்தில் பாரம் பின்சக்கரத்தில்தான் விழும்.

பதில் – நாலு சக்கரம்

வகை சரி, இடத்தில் உடன்பாடில்லை. ஏற்றத்தில் பின் லாக்கர் நன்றாக இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஓட்டுவதில் பெரும்பகுதி தார் ரோடு, அதிலும் மழையில் நனைந்த வளைவுகள். ஜிப்ஸியின் வீல்பேஸ் (முன்–பின் சக்கர இடைவெளி) 2375 மி.மீ., பின்பாரமும் குறைவு. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பின்சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் பிடி விட்டு, வால் பக்கவாட்டில் வழுக்கும். கியர் மாற்றக் காலை எடுத்து மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் பல் விலகிக் கோக்கும், வண்டி லேசாக வெட்டும். பத்து வளைவில் பழகிவிடும் என்பார்கள். எதிரே பஸ் வரும் கொண்டை ஊசியில் அந்தப் பழக்கத்தை நம்பச் சொல்ல மாட்டேன்.

முன்னால் போட்டால், ஃப்ரீவீல் ஹப் (முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) திறந்திருக்கும்வரை தார் ரோட்டில் லாக்கர் இருப்பதே தெரியாது. எஸ்டேட் வாசலில் ஹப்பைப் பூட்டி 4 லோ போட்டால் வேலை செய்யும். முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து குழி விளிம்பைப் பிடித்து ஏறும். குறை இரண்டு. ஸ்டீயரிங் கனமாகும், தானே நேராகத் திரும்பப் பார்க்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்து மிதித்தால் முன் ஆக்ஸில் ஜாயின்ட் உடையும். திருப்பும்போது காலை எடுத்து, நேரானபின் மிதியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: உங்கள் ஹப் திறந்து பூட்டும் வகையா?

எஸ்டேட் ரோடு

கையால் திருப்பும் ஹப்தான். முன்னாலேயே போடுகிறேன். டிஃப் கியர்களை வெல்டிங் செய்து பற்ற வைத்துவிட்டால் செலவே இல்லை என்கிறார் பட்டறைக்காரர்.

பதில் – கிரௌன் பினியன்

பற்ற வைக்காதீர்கள். 4 லோவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் விலக வழியே இருக்காது. சுமை முழுக்க ஜாயின்ட்டில்தான் இறங்கும். ஹப் திறந்து பூட்டும் வகை என்பதால் நானும் முன்பக்கத்துக்கே சம்மதிக்கிறேன்.

ஆர்டர் போடும் முன் ஆக்ஸில் ஷாஃப்டின் ஸ்ப்லைனை (முனையில் உள்ள பல் வரிகள்) எண்ணிப் பாருங்கள். பழைய 1.0 வண்டி ஆக்ஸில் மாட்டியிருந்தால் எண்ணிக்கை வேறு, செட் உட்காராது. முன்பக்கம் நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) பக்கத்தைப் பிரித்தால்தான் ஷாஃப்ட் வெளியே வரும், எனவே நக்கிள் சீல் செட்டும் வாங்கி வையுங்கள்.

கேரியரை எடுக்கும் முன் கிரௌன்–பினியன் பேக்லாஷை (இரு கியரின் பற்களுக்கு இடையே உள்ள தளர்வு) டயல் கேஜில் அளந்து எழுதுங்கள். பேரிங் கேப்பில் இடது, வலது என்று பஞ்ச் அடியுங்கள், மாறிவிடக் கூடாது. அட்ஜஸ்டர் நட் எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் திரும்ப மாட்டி, அதே பேக்லாஷ் வருகிறதா பாருங்கள். ஜிப்ஸி கேரியர் இரண்டு பாதியாகப் பிரியும். பிரிக்கும் முன் இரண்டின் மேலும் ஒரே கோடு போடுங்கள்.

பழைய குறுக்குத் தண்டை விளக்கு வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஸ்பைடர் கியர் ஓடிய இடத்தில் நகம் தட்டும் அளவு பள்ளம் இருந்தால் புதிது போடுங்கள். தேய்ந்த தண்டில் கேம் ஒரே அளவில் விலகாது.

பூட்டியபின் இரு கேமுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல லஞ்ச்பாக்ஸ் செட்டுகளில் 0.145 முதல் 0.170 அங்குலம், அதாவது சுமார் 3.7 முதல் 4.3 மி.மீ. உங்கள் செட்டின் கையேட்டில் வேறு இருந்தால் அதுவே கணக்கு. இடைவெளி குறைந்தால் பல் விலகாது, கூடினால் பல் முழுக்கக் கோக்காமல் நுனி உடையும். முன் டிஃபுக்குச் சுமார் 2 லிட்டர் கியர் ஆயில், நிரப்பும் துளை விளிம்புவரை.

எஸ்டேட் ரோடு

மாட்டியாயிற்று. முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஹப் பூட்டி, 4 லோவில் கியரும் போட்டேன். இடதை முன்னோக்கி அழுத்திப் பிடித்து வலதைப் பின்னோக்கிச் சுற்றினால் டிக் டிக் என்று சுற்றுகிறது. வலதைப் பிடித்து இடதைச் சுற்றினால் இறுகி நிற்கிறது.

பதில் – நாலு சக்கரம்

இடது பக்கப் பல் விலகவில்லை. ஓட்டாதீர்கள். முதலில் இடது பிரேக் பேட் உரசுகிறதா பாருங்கள், ஹப்பைத் திறந்து சக்கரத்தைத் தனியாகச் சுற்றினால் தெரிந்துவிடும். அது சரியென்றால் கேரியரை மறுபடி பிரித்து இடைவெளியை நாலு இடத்தில் அளந்து சொல்லுங்கள். சின்னப் பின் ஒன்று சாய்ந்து மாட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கிரீஸ் தடவாமல் கோத்தால் ஸ்பிரிங் நழுவும்.

எஸ்டேட் ரோடு

பிரேக் உரசவில்லை. பின், ஸ்பிரிங் எல்லாம் இடத்தில்தான் இருந்தன. இடைவெளி 3.4 மி.மீ.தான். இடது கப்ளருக்குப் பின்னால் பட்டறையில் பழைய வாஷரோடு புதியதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்றை எடுத்ததும் 4.0. இப்போது இரண்டு பக்கமும் டிக் டிக்.

பதில் – கிரௌன் பினியன்

சரியான அளவு. முன்டயர் இரண்டையும் ஒரே தேய்மானத்தில், ஒரே காற்றழுத்தத்தில் வையுங்கள். சுற்றளவு மாறினால் நேர்ப்பாதையிலும் ஒரு பக்கமே இழுக்கும். 500 கி.மீ. கழித்து ஆயிலை மாற்றி, வடிகால் போல்ட்டில் இரும்புத்தூள் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.