கடலோர வீட்டுக்கு மெக்சிகோ பாணி மரச்சாமான் சரிப்படுமா?

கீழக்கரை வாசி:
வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். கூடத்துக்கு மெக்சிகோ, அரிசோனா பக்கத்து முரட்டு மேசை, பெஞ்சு, கருப்பு இரும்புக் குமிழாணி அடித்த அலமாரி செய்ய ஆசை. பைன் பலகை வாங்கலாமா? "துருப்பிடிக்கிற ஆணியை யாராவது காசு கொடுத்து அடிப்பார்களா" என்கிறார் உம்மா.

மண்டபம் தச்சன்:
உம்மா சொல்வதே சரி. உப்புக்காற்றில் துரு வடிந்து பலகையெல்லாம் கறையாகும். பித்தளைக் குமிழ் போடுங்கள், மூட்டுக்கு மர ஆப்பு போதும். பைன் வேண்டாம், கரையானுக்கு விருந்து. அந்த ஊர்க்காரர்கள் மெஸ்கீட் மரத்தில் செய்வார்கள். அதன் நெருங்கிய சொந்தம்தான் நம் சீமைக்கருவேலம். பூர்வீகமும் அந்தப் பக்கம்தான். நாம் என்னவோ கரிமூட்டம் போட்டே தீர்க்கிறோம்! நன்றாகக் காய்ந்தால் லேசில் வளையாது. ஆனால் வெட்ட வெட்டத் துளிர்த்த மரம், கோணல். நீளப் பலகைக்கு வழியில்லை, துண்டுகளை ஒட்டித்தான் மேசை. வெளிப்பக்க வெளிர்மரத்தை வண்டு துளைக்கும், உள்ளே வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். வெடிப்பு இருந்தால் இருக்கட்டும். அங்கே நீலப்பச்சைக் கல்லைப் பொடித்து, பிசினோடு அதில் நிரப்புகிறார்கள். பார்க்க அழகு.

தொண்டிக்காரி:
நாற்காலிக்கு, மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்து எக்கிபால் வடிவம் பாருங்கள்; குறுக்குக் குச்சிகளால் அடிப்பாகம் கட்டி, மேலே தோல் போர்த்திய வட்ட நாற்காலி அது. அங்கே பன்றித்தோலும் போர்த்துவார்கள், உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். நம்மிடம் பனைநார் இருக்கிறது. கட்டில் பின்னுபவரே பின்னிவிடுவார்.

கீழக்கரை வாசி:
அண்ணே, அறுவை மில்லில் இந்த மரத்தை எடுப்பார்களா?

மண்டபம் தச்சன்:
ரம்பம் மழுங்கும் என்று முனகுவார்கள். பச்சையாக இருக்கும்போதே கொண்டுபோங்கள். அப்புறம் நிழலில், இடையில் குச்சி வைத்து அடுக்குங்கள்.