கமிஷனிங், குவாலிஃபிகேஷன், வேலிடேஷன்: மூன்றுக்கும் வெவ்வேறு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

கையேட்டுக்காரன் எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். மருந்து ஆலைகளில் மூலதனத் திட்டங்களை (புது ஆலை, புது இயந்திரம் போன்ற பெருஞ்செலவுப் பணிகளை) நடத்துவது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்: "கமிஷனிங் முடிந்தால் குவாலிஃபிகேஷன் முடிந்ததாகாது, குவாலிஃபிகேஷன் முடிந்தால் வேலிடேஷன் முடிந்ததாகாது." நான் இதுவரை மூன்றுக்கும் சரிபார்ப்பு என்றே எழுதி ஒப்பேற்றிவிட்டேன். இங்கே அது "சரிபார்ப்பு முடிந்தால் சரிபார்ப்பு முடிந்ததாகாது" என்று வந்து நிற்கிறது. இன்னொன்று, புராஜெக்ட் பிளான் என்பதைத் 'திட்டத் திட்டம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சிரிக்காமல் உதவுங்கள்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

தம்பி, முதலில் அந்த மூலதனத்தைத் தூக்குங்கள். மூலமும் தனமும் வடசொல். நமக்கு 'முதல்' இருக்கிறது. "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்" (463). ஆலை கட்டப் போகிறவன் அறையில் மாட்டி வைக்க வேண்டிய குறள். முதற்பணி என்று வையுங்கள்.

குவாலிஃபிகேஷனுக்குக் 'கட்டளை'. "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" (505). இயந்திரத்தையும் அதன் கருமத்தை வைத்துத்தானே உரைத்துப் பார்க்கிறீர்கள்?

வேலிடேஷன் இன்னும் எளிது. 'வாலிடஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வலிமையுடையது என்று பொருள். நம் வல், வலி, வலு எல்லாம் வரிசையாக நிற்கின்றன, பாருங்கள்! ஆகவே வலியுறுத்தம்.

கணக்கர் எழுதியது:

ஐயா, ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடுமா? வலியுறுத்தம் என்றால் யாரோ எதையோ அடித்துச் சொல்கிறார் என்றுதான் படிப்பார்கள். இல்லாவிட்டால் வலி மாத்திரை ஞாபகம் வரும், அதுவும் மருந்து ஆலையில்.

மூலதனத்தை விட்டுவிடுங்கள். எல்லாருக்கும் புரிகிற சொல். 'முதலீட்டுத் திட்டம்' என்று மாற்றினால் சேமிப்புத் திட்டம் விற்கிறோமா என்பார்கள்.

ஆலைப் பொறியாளர் எழுதியது:

'முதற்பணி' என்றால் என் ஃபிட்டர் முதலில் முடிக்க வேண்டிய வேலை என்று எடுத்துக்கொள்வார். 'கட்டளை' என்றால் யாரோ ஆர்டர் போட்டார்கள் என்று அர்த்தம். சொல்லுக்குப் போகுமுன் வேலையைப் பார்ப்போமா?

ஊசிமருந்துக்கான நீரைத் தயாரித்துச் சுற்றவிடும் அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 316எல் ரகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், வெல்டிங் எல்லாம் சரியா, நீர் முழுக்க வடிகிற அளவுக்குச் சரிவு இருக்கிறதா என்று பார்க்கிறோம். கிளைக்குழாயில் நீர் தேங்கும் பகுதியின் நீளம் அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டுகிறதா என்று டேப் வைத்து அளக்கிறோம். தாண்டினால் அங்கே கிருமி குடியேறும், அறுத்து மாற்ற வேண்டும். பம்ப்பை ஓட்டுகிறோம், அலாரத்தை வேண்டுமென்றே அடிக்க வைக்கிறோம். இது கமிஷனிங். பொறியியல் துறைக் கையெழுத்து போதும்.

அப்புறம் குவாலிஃபிகேஷன். என்ன சோதனை, எந்த அளவுக்குள் வந்தால் தேர்ச்சி என்று முன்கூட்டியே எழுதித் தரத்துறையிடம் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் தொடக்கமே. நிறுவல், இயக்கம், செயல்திறன் என்று படிப்படியாகப் போகும். நீர் அமைப்புக்குச் செயல்திறன் படி மட்டும் மூன்று கட்டம்: குறைந்தது இரண்டு வாரம் தீவிர மாதிரி எடுப்பு, பிறகு இன்னொரு இரண்டு வாரமாவது, பிறகு சுமார் ஒரு வருடம். பருவம் மாறினால் உள்ளே வரும் நீரும் மாறும், அதனால்தான் அந்த ஒரு வருடம். திட்ட மேலாளர் அடுத்த ஆலைக்குப் போயிருப்பார், இங்கே மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வேலிடேஷன் இயந்திரத்தைப் பற்றியதே அல்ல. அந்த நீர், அந்த இயந்திரம், அந்த ஆட்களை வைத்து மருந்து ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே தரத்தில் வருமா என்று செயல்முறையை நிறுவிக் காட்டுவது.

ஆக, ஒவ்வொரு இடத்திலும் கேள்வி மாறுகிறது, கையெழுத்தும் மாறுகிறது. ஒரே சொல்லைப் போட்டால் யார் கையெழுத்து போட வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். கமிஷனிங்குக்கு என் ஓட்டு 'வெள்ளோட்டம்'. மருந்து ஏற்றாமல் வெறும் நீரை விட்டுத்தானே ஓட்டுகிறோம்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

வெள்ளோட்டம்! மனம் குளிர்ந்தது. புதுத் தேருக்கும் புதுக் கப்பலுக்கும் சொன்ன சொல். இங்கே 'வெள்' நிறமல்ல, வெறுமை. வெள்ளறிவு என்கிறோமே, அந்த வெள். "வெண்மை எனப்படுவ தியாதெனின்" என்று வள்ளுவர் (844) கேட்டதும் அறிவு வெறுமையாகக் கிடப்பதைத்தான். வெண்பாவையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கணக்கர் எழுதியது:

தனி மடலிலேயே எழுதுங்கள் ஐயா, அவசரமில்லை.

வெள்ளோட்டத்தில் எனக்கு ஒரு சிக்கல். எங்கள் பக்கம் 'கமிஷனிங் ஆகிவிட்டது' என்றால் சொத்து தயார் என்று அர்த்தம். சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 16 விதிப்படி, நிர்வாகம் நினைத்தபடி இயங்கத்தக்க நிலைக்குச் சொத்து வரும்வரை ஆகும் நேரடிச் செலவு அதன் அடக்கவிலையில் ஏறும். சோதனை ஓட்டச் செலவும் அதில் சேரும். (சோதனையில் வந்த சரக்கை விற்ற காசை 2022 முதல் அடக்கவிலையில் கழிக்க முடியாது, லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும்.) பயன்பாட்டுக்குத் தயாரான நாளில் தேய்மானம் தொடங்கும். மருந்து ஆலையில் அது எந்த நாள்? பொறியாளர் பம்ப் ஓடிய நாளைச் சொல்வார், தரத்துறை தன் கையெழுத்து விழுந்த நாளைச் சொல்லும். ஒவ்வொரு திட்டத்திலும் மல்லுக்கட்டுதான். கையேட்டில் வெள்ளோட்டம் என்பது ஓட்டத்தையா, முடிந்த தேதியையா என்று தெளிவாக இருக்கட்டும்.

தர உறுதிக்காரி எழுதியது:

ஓட்டத்தை மட்டும்தான். தேதி வேண்டுமானால் 'பயன்பாட்டு ஒப்படைப்பு' என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள் அண்ணா.

குவாலிஃபிகேஷனுக்குச் சிலர் 'தகுதியாக்கம்' என்கிறார்கள். தவறு. தகுதியை உண்டாக்குவது வடிவமைப்பும் கட்டுமானமும். நாங்கள் இருக்கிறதா என்று பார்த்து, ஆவணத்தோடு காட்டுகிறோம், அவ்வளவுதான். வேலையில் சேர்ந்தவருக்குத் தகுதிகாண் பருவம் உண்டு, எல்லாருக்கும் தெரியும். இயந்திரத்துக்கும் அதுதான்: தகுதிகாண். நிறுவல் தகுதிகாண், இயக்கத் தகுதிகாண், செயல்திறன் தகுதிகாண்.

சரிபார்ப்பைத் தயவுசெய்து இதற்குச் செலவழிக்காதீர்கள். மருந்து ஆலை அமைப்புகளுக்காக 2007இல் வந்த ஏஎஸ்டிஎம் இ2500 தரநிலை வெரிஃபிகேஷன் என்ற சொல்லை வைத்தே நடக்கிறது. அதற்கு அந்தச் சொல் வேண்டும்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

"தகுதி எனவொன்று நன்றே" (111) என்ற இடத்தில் தகுதி என்றால் நடுவுநிலைமை. பொருள் கெடுகிறதே அம்மா?

தர உறுதிக்காரி எழுதியது:

பகை, நட்பு பார்க்காமல் கையெழுத்திடுவதுதான் எங்கள் வேலை ஐயா. அந்தப் பொருளும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கையேட்டுக்காரன் எழுதியது:

நன்றி. நாளை காலை அனுப்பியாக வேண்டும். கமிஷனிங் வெள்ளோட்டம், குவாலிஃபிகேஷன் தகுதிகாண். இரண்டுக்கும் பெரிய எதிர்ப்பு இல்லை. வேலிடேஷனுக்கு 'செல்லுபடியாக்கம்' உரிமம் புதுப்பிப்பது போல் இருப்பதால், தனி மடலில் மூன்று பேர் சொன்ன 'ஏற்புறுதி'யை வைக்கிறேன். மூலதனம் அப்படியே. திட்டத் திட்டம் 'திட்ட நடத்து வரைவு' ஆகிவிட்டது, யாரும் கேட்காததால்.

வேர்ச்சொல் விரும்பி எழுதியது:

வலியுறுத்தத்தை நான் கைவிடவில்லை. பதிவுக்காக.

ஆலைப் பொறியாளர் எழுதியது:

கையேட்டில் எதை வேண்டுமானாலும் போடுங்கள். இயந்திரத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் நிறுவல், இயக்கம், செயல்திறன் படிகளுக்கு ஐக்யூ, ஓக்யூ, பிக்யூ என்ற ஆங்கிலச் சுருக்கமே இருக்கட்டும். ஓக்யூவை 'இ.த.' என்று சுருக்கினால் இரவுப் பணிக்கு வருபவர் இயக்கத் தடை என்று படித்துவிட்டு மெஷினை ஸ்டார்ட்டே பண்ண மாட்டார்.