"செட்டிநாடு"ன்னு போட்டும் எங்க பாக்கெட்டை யாருக்கும் அடையாளம் தெரியல. என்ன செய்யலாம்?

கோட்டையூர்ப் பொண்ணு:

எங்க அம்மா முப்பது வருஷமா கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுடப் போறவங்க. தேதி குறிச்ச கையோட சீர்ப் பலகாரத்துக்கு அம்மாவுக்குத்தான் ஆள் விடுவாங்க. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை எல்லாம் அவங்க கைப்பக்குவம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால நான் அதைப் பாக்கெட் போட்டு விக்க ஆரம்பிச்சேன். பேரு "செட்டிநாடு ஸ்பெஷல் பலகாரம்". மஞ்சள் லேபிள், அதுல பெரிய வீட்டு முகப்புத் தூண் படம். காரைக்குடியில மூணு கடை, சென்னையில ஒரு கடை.

போன மாசம் சென்னைக் கடையிலேர்ந்து போன். தேன்குழல் சிக்கு வாடை அடிக்குது, வாங்கினவங்க சத்தம் போட்டுட்டுப் போறாங்கன்னு. போட்டோ அனுப்பச் சொல்லிப் பாத்தா அது எங்க பாக்கெட்டே இல்ல! வேற யாரோ. அதே மஞ்சள், அதே தூண், அதே "செட்டிநாடு". விளக்கிச் சொல்லியும் கடைக்காரர் எங்க சரக்கையும் சேத்து ரேக்கிலேர்ந்து எடுத்துட்டார். அம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. "என் கையில ஒரு ஈடு கூட அப்படிப் போனதில்லையே"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

கையில 40,000 ரூபாய் இருக்கு. ஒருத்தர் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு மாசம் 15,000 கேக்குறார். செய்யலாமா?

அச்சாபீஸ் அண்ணன், காரைக்குடி:

தங்கச்சி, அந்தக் காசை இப்போ கொடுக்காதீங்க. பத்தொன்பது வருஷமா லேபிள் அடிக்கிறேன். மஞ்சள்ல தூண் படம் போட்டு மட்டும் எத்தனை பேருக்கு அடிச்சிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. விளம்பரத்தைப் பாத்துட்டு கடைக்கு வர்றவர் "அந்த செட்டிநாடு தேன்குழல்"னுதான் கேப்பார். கடைக்காரர் கைக்கு எட்டினதை எடுத்துக் கொடுப்பார். உங்க காசுல அடுத்தவர் சரக்கு விக்கும்.

"செட்டிநாடு" உங்க பேர் இல்ல. எழுபதுக்கும் மேற்பட்ட ஊருக்குப் பொதுவான பேர். 1999ஆம் வருஷத்து வணிகச் சின்னச் (டிரேட்மார்க்) சட்டமும் அதைத்தான் சொல்லுது. ஊர்ப் பேரையும் சரக்கோட தன்மையையும் மட்டும் சொல்ற வார்த்தையை ஒருத்தருக்கே பதிஞ்சு கொடுக்க மாட்டாங்க. "ஸ்பெஷல்", "பலகாரம்" ரெண்டும் அதே கதைதான். லேபிள்ல ஒரு மூலையில "செட்டிநாட்டுப் பலகாரம்"னு தாராளமா போடுங்க, அது எந்த வகைன்னு சொல்லும். யாருடையதுன்னு சொல்ல வேற பேர் வேணும்.

அந்தப் பேரைக் கம்ப்யூட்டர்ல தேடாதீங்க. கல்யாண வீட்டுல அம்மா பேர் தெரியாதவங்க அவங்களை எப்படிச் சொல்லி ஆள் விடுறாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

கோட்டையூர்ப் பொண்ணு:

அண்ணே, "பித்தளை அச்சுக்காரம்மா"ன்னு சொல்லுவாங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு அச்சைத் தொட மாட்டாங்க. எங்க ஆயா (பாட்டி) கொடுத்த பித்தளை அச்சை மஞ்சப்பையில எடுத்துட்டுப் போவாங்க. அச்சுக்கு அடியில போடுற தேன்குழல் வில்லையில மூணு கண், அதாவது மாவு விழுற ஓட்டை. நடுக் கண் தேஞ்சு கொஞ்சம் பெருசாயிருக்கும், அதனால எங்க தேன்குழல்ல ஒரு இழை மட்டும் தடிமனா விழும்.

அச்சாபீஸ் அண்ணன், காரைக்குடி:

பேர் கிடைச்சாச்சு. "பித்தளை அச்சு". படமும் அதுலயே இருக்கு: வட்டத்துக்குள்ள மூணு கண், நடுவுல உள்ளது பெருசு. தூணை எடுத்துடுங்க, மஞ்சளையும் விடுங்க. அரக்கு நிறத்துல அடிச்சு, கடை ரேக்குல வச்சு ஆறடி தள்ளி நின்னு பாருங்க. அந்த மூணு கண் தெரியலைன்னா இன்னும் பெருசாக்கணும்.

அடிக்கிறதுக்கு முன்னால வணிகச் சின்னத் தளத்துல 30ஆம் வகுப்புல (பலகாரம் மாதிரிச் சரக்கு வர்ற பிரிவு) அந்தப் பேர் ஏற்கெனவே இருக்கான்னு தேடிடுங்க. இல்லைன்னா உங்க பேர்லயே விண்ணப்பம் போடலாம். தனி ஆளுக்கு ஆன்லைன்ல ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு கிடைச்சா 10 வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகுறதுக்கு முன்னால வட்டத்துக்குள்ள "ஆர்" குறி மட்டும் போட்டுடாதீங்க, அது குற்றம்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) கொடுக்கிற 14 இலக்க எண், சைவம்னு காட்டுற பச்சைப் புள்ளி, எடை, எம்.ஆர்.பி., தயாரிச்ச தேதி, எது அதிகமோ அது முதல்ல வர்ற மாதிரி சேர்மானம், உங்க முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கணும். இதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

தேவகோட்டை மளிகை:

அண்ணன் சொன்னது சரி. நான் கடைக்காரன் பக்கத்திலேர்ந்து ஒண்ணு கேக்குறேன். 200 கிராம் என்ன விலைக்குப் போடுறீங்க?

கோட்டையூர்ப் பொண்ணு:

90 ரூபாய். அடக்கம் 58. கடைக்கு 25 சதவீதம், லாரி பார்சல் 4 ரூபாய்.

தேவகோட்டை மளிகை:

அப்போ கடைக்கு 22.50 போக, உங்களுக்கு நிக்கிறது 5.50 ரூபாய்தான். அதுல ருசி பாக்கக் கொடுக்கவோ, கெட்ட பாக்கெட்டைத் திருப்பி எடுக்கவோ முடியாது. 110 போடுங்க, 20.50 நிக்கும். பயப்படாதீங்க. பெரிய கம்பெனி பாக்கெட்டுக்குப் பக்கத்துல விலை குறைச்சு வச்சா ஜனங்க மட்டமான எண்ணெய்னு நினைப்பாங்க. உங்க அம்மா ஒரு தடவை காய்ச்சின எண்ணெயை மறுநாள் வைக்காதவங்கன்னா, அதை லேபிள்லயே எழுதுங்க.

அஞ்சு அயிட்டத்தையும் ஒரே நேரத்துல இறக்காதீங்க. தேன்குழல் மட்டும் ஆறு மாசம். அதிரசம் நல்லா இருந்தாலும் கடையில நாள் தாங்காது, ஒரு அதிரசம் பூசணம் பிடிச்சா தேன்குழல் பேரும் சேந்து போகும். சனி, ஞாயிறு சாயங்காலம் என் கடை வாசல்ல ஒரு தூக்குவாளி நிறைய உடைச்சு வையுங்க, நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

கானாடுகாத்தான் விடுதி வேலை:

நான் இங்க பழைய வீட்டு விடுதி ஒண்ணுல சமையல்கட்டுல இருக்கேன். நாலு மணி டீக்குத் தேன்குழல் வைப்போம். ஊருக்குக் கிளம்புறப்போ எங்க வாங்கலாம்னு கேக்காத விருந்தாளி கிடையாது, காட்ட எங்ககிட்ட ஒரு பாக்கெட் இல்ல. சின்னப் பனை ஓலைக் கொட்டான்ல 250 கிராம் போட்டுக் கொடுத்தா வரவேற்பறையிலயே வைக்கலாம். கொட்டான் நம்ம பக்கத்துக்காரங்க முடையிறது, செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. உங்க அச்சு வில்லை அளவுக்கு ஒரு அட்டை மட்டும் கட்டித் தொங்க விடுங்க. முதலாளிகிட்ட நான் கேட்டுட்டேன், சம்மதம்.

கோட்டையூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. 30ஆம் வகுப்புல தேடிட்டேன், அந்தப் பேர்ல யாரும் இல்ல. அம்மாகிட்ட "பித்தளை அச்சு"ன்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம உள்ள போய் அச்சை எடுத்துப் புளி போட்டு விளக்கினாங்க. அந்த வில்லையை மையில தொட்டுக் காகிதத்துல ஒத்தி எடுத்திருக்கோம். அண்ணே, திங்கக்கிழமை காலைல அதை உங்க அச்சாபீசுக்குக் கொண்டு வர்றேன்.