ஏழு நாள் சுற்றிய காளை

தாய்லாந்தின் பழைய நகரமான சீ தெப்புக்கு நடுப்பகலில் மட்டும் போய்விடாதீர்கள். நான் போய் அவதிப்பட்டேன். பாங்காக்கிலிருந்து வடக்கே 200 கிலோமீட்டருக்கு மேல், பெட்சபூன் மாகாணம். கூட வேலை பார்க்கும் தாய் நண்பர்தான் கார் ஓட்டினார். 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு அவருக்கே போகும் ஆசை வந்ததாம். ஊர்ப் பெயரைக் கேட்டால் நமக்குப் புரியாது. 'ஸ்ரீ', 'தேவ' இரண்டும்தான் அவர்கள் நாவில் அப்படி ஆகியிருக்கின்றன.

அகழி என்றால் ஏதோ வாய்க்கால் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். நல்ல அகலம். கரையில் மண் மேடு, அதன்மேல் மரங்கள். உள்நகரம் ஏறக்குறைய வட்டம். அதை ஒட்டி வெளிநகரம், அதற்கும் தனி அகழி. 6 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை, மத்திய தாய்லாந்தில் த்வாராவதிப் பண்பாடு தழைத்த காலத்தில் கொழித்த ஊர். பிறகு கம்போடிய க்மேர்களின் கை ஓங்கியது, அதற்கும் பிறகு காடு. 1904-ல் தாய் இளவரசர் தம்ரோங் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஏன் காடானது? வாசலருகே புளி விற்ற பாட்டி சொன்ன கதை இது. நண்பர் துண்டு துண்டாக மொழிபெயர்த்தார்.

இரண்டு முனிவர்கள். ஒருவர் நெருப்புக்கண்ணர், இன்னொருவர் மாட்டுக்கண்ணர். (ரிஷியை அவர்கள் சொல்லும்போது என் காதில் 'ருசி' என்றே விழுந்தது. வழியில் சாப்பிட்ட விச்சியன்புரி சுட்ட கோழியின் நினைப்பு போலிருக்கிறது.) நெருப்புக்கண்ணருக்கு நகரத்து அரசன் மகன் சீடன். ஒரு கிணற்று நீர் பட்டால் சாவு, பக்கத்துக் கிணற்று நீரை ஊற்றினால் உயிர் திரும்பும் என்கிறார் குரு. பையன் நம்பவில்லை. "நான் இறங்குகிறேன், நீ அந்தத் தண்ணீரை ஊற்று" என்று அவரே இறங்கிவிட்டார். பையன் ஊற்றாமல் ஓடியே போனான்.

தேடி வந்த மாட்டுக்கண்ணர்தான் உயிர்ப்பித்தார். எழுந்தவருக்குக் கோபம் பையன்மேல் மட்டும் இல்லை, ஊர்மேலேயே. மந்திரத்தால் ஒரு காளையைச் செய்து வயிறு நிறைய விஷத்தை அடைத்து அனுப்பினார். அது கத்திக்கொண்டே ஏழு நாள் நகரத்தைச் சுற்றியது. ஏழாம் நாள் வாசல் திறந்தார்கள். உள்ளே வந்த காளையின் வயிறு வெடித்தது. ஊரில் ஒருவர் மிச்சமில்லை.

கொள்ளைநோயைத்தான் கதை இப்படிச் சொல்கிறது என்றார் நண்பர். இருக்கலாம். எனக்கு அந்த ஏழு நாள்தான் மனதைவிட்டுப் போகவில்லை. அகழிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் நானும்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்திருப்பேன்.

கதையைக் கேட்டுவிட்டு உள்ளே போனதால் எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. தோண்டிய குழியில் யானையின் எலும்புக்கூட்டை அப்படியே விட்டு மேலே கூரை போட்டிருக்கிறார்கள். காவ் க்லாங் நய் என்ற மேடையின் அடிவரிசையில் சுதையில் குள்ள உருவங்கள். சிலதுக்கு மனித முகம், சிலதுக்கு விலங்கு முகம், கைகளைத் தூக்கிப் பாரம் தாங்குகின்றன. பல்லவர் கோயில் பூதவரியைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று உறவு தெரியும்.

அப்புறம் 'அண்ணன் தம்பி' என்று பெயர் கொண்ட இரட்டைக் கோபுரம், க்மேர் காலத்தது. சின்னக் கோபுரத்தின் வாசல் மேல்கல்லில் உமையோடு சிவன். உட்கார்ந்திருப்பது எதன்மேல்? காளை! ஊரைக் கொன்ற கதையில் வந்ததும் காளை, வாசலுக்கு மேலே சாமியைச் சுமப்பதும் காளை. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் வெயிலை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் காவ் க்லாங் நோக் என்ற பெரிய ஸ்தூபியைத் தவறவிடாதீர்கள். பக்கத்துக்கு 64 மீட்டர், உயரம் 20 மீட்டர், அடிமேடை செம்புரைக்கல். 2008-ல் தோண்டும் வரை வெறும் குன்று என்றே கிடந்திருக்கிறது. படி செங்குத்து, கீழிருந்து பார்த்தாலே போதும்.

திரும்பும்போது பாட்டியிடம், "காளை எந்த வாசல் வழியாக வந்தது?" என்று கேட்கச் சொன்னேன். புளியங்காயாலேயே சுட்டிக் காட்டினார்: நாங்கள் வந்த வாசல். கேட்பவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். ஒரு கிலோ வாங்கினோம். இனிப்புப் புளி, ரசத்துக்கு உதவாது.